புகார்: நீங்கள் அனுப்பிய குளவிக்கு 9.9 கோடி வயதா?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். ‘பர்மா அம்பரில் குளவி, 9.9 கோடி ஆண்டு பழையது, அசல்’ என்று உங்கள் தளத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கிய கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேராகவே சொல்கிறேன், அது அம்பர், அதாவது காலப்போக்கில் இறுகிக் கல்லான மரப்பிசின் இல்லை, அச்சில் ஊற்றி வார்த்த பிளாஸ்டிக்.

விளிம்பை நகத்தால் தடவினாலே ஒரு கோடு தட்டுப்படுகிறது, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். சரி, மெருகு போடும்போது விழுந்த கோடாக இருக்கலாம் என்று, இனி உப்பு கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அம்பரின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.05 முதல் 1.10 மடங்குதான், அவ்வளவு உப்பு கரைந்த தண்ணீரின் அடர்த்தி அதைவிட அதிகம், அதனால் அதில் மிதக்கும். உங்கள் கல் நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. புற ஊதா விளக்கில் அசல் அம்பர் போல நீலமாக ஒளிரவும் இல்லை. சூடான ஊசியால் தொட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யவில்லை, செய்தால் பொருளை நான்தான் கெடுத்தேன் என்பீர்கள்.

குளவி அதைவிட மோசம். அம்பரில் கிடைக்கும் குளவிகளில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டரே இருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள், பிசினில் சிக்கித் திமிறியதில் கால் ஒரு பக்கம் இறக்கை ஒரு பக்கம் என்று மடங்கிக் கிடக்கும். உங்களுடையதோ கட்டைவிரல் நீளம், நட்ட நடுவில், நான்கு இறக்கையும் அளந்து விரித்தது போல, மஞ்சள் கறுப்புப் பட்டை நேற்றுப் பறந்தது மாதிரி பளிச்சென்று இருக்கிறது. போதாக்குறைக்கு விளம்பரத்தில், 2025-ல் பர்மாவின் கச்சின் மாநில அம்பரிலிருந்து விவரிக்கப்பட்ட சைரனோபெத்திலஸ் காரிப்டிஸ் என்ற குளவி பற்றிய செய்தியையும் ஒட்டியிருக்கிறீர்கள். அது வயிற்றின் நுனியில் பூச்சி பிடிக்கும் செடியின் இலை போன்ற பொறி உள்ள இனம். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

புகார் சொன்னதும் முதலில் ‘இயற்கைப் பொருள், ஒன்றுக்கொன்று மாறும்’ என்றார்கள். அப்புறம் நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்றார் உங்கள் பிரதிநிதி. உண்மைதான், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருக்குள் இருந்த ஓர் ஈ, கல்லைப் பிளந்து குடைந்து உள்ளே வைத்து ஒட்டியது என்று 1993-ல்தான் தெரியவந்தது. ஆனால் அந்த ஈயை உள்ளே வைத்து ஒட்டிய ஆள் அம்பரையாவது அசலாக எடுத்தார்.

முழுப் பணமும் வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. விளம்பரத்தை உடனே எடுங்கள், இதே கல்லை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். இல்லை, அசல்தான் என்று இன்னும் சாதிப்பதானால், பர்மா அம்பர் கிடைக்கும் ஹூகாங் பள்ளத்தாக்கில் எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு எடுத்தது, எந்த ஆய்வகம் சோதித்தது என்று எழுத்தில் கொடுங்கள். கூட வந்த சான்றிதழில் தங்க நிற முத்திரையைத் தவிர ஒன்றுமே இல்லை.

கோடு தெரியும் படமும் உப்புத் தண்ணீர் வீடியோவும் இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும், தானியங்கிப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்