தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கிகள்: சேலம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். உரிமம் பெற்ற இரண்டு துப்பாக்கிகள் என்னிடம் உள்ளன. ஒன்று, பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் '12 போர்' (bore) என்னும் குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி. மற்றொன்று, இலக்குச் சுடும் பயிற்சிக்காக நானே வாங்கிய .22 அங்குலக் குழல் அளவுள்ள ரைபிள். 2019-இல் படைக்கலச் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டதால், மூன்றாவதைப் பற்றிய ஆசையெல்லாம் கடைக்காரரின் கண்ணாடி அலமாரியோடு நின்றுவிட்டது.

தேர்தல் அறிவிப்பு வெளியானதும் உரிமதாரர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். அதன் நோக்கத்தில் எனக்குச் சிறிதும் மறுப்பில்லை. காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அவற்றை அங்கே வைத்திருக்கும் விதம் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தது மார்ச் 16-இல். சேலத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-இல். முடிவு வெளியானதோ ஜூன் 4-இல். நம் மாவட்டத்தில் வாக்குப்பதிவு முடிந்த பிறகும் பிற மாநிலங்களுக்காகக் காத்திருந்த நாட்களையும் சேர்த்தால் 80 நாட்கள் ஆகின்றன. சேர்வராயன் மலையில் காப்பி பூப்பதற்கான மழையும், அதைத் தொடர்ந்து கோடை மழையும் பெய்வது இதே மாதங்களில்தான். சுவரில் மாட்டிய காலண்டர் கூட நமுத்துச் சுருளும் அந்த ஈரத்தில், எண்ணெய் காணாத இரும்பு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்தல் முடிந்து துப்பாக்கிகளைத் திரும்பப் பெறச் சென்றிருந்தேன். பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகளை ஒன்றாகச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி, குழல் வாய் சிமெண்டுத் தரையில் ஊன்றும்படி தலைகீழாக மூலையில் சாய்த்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தபோது, அதன் முறுக்கு ஒவ்வொரு புரியாக, இரட்டைக் குழலின் மேல் செந்துருவாய்ப் பதிந்திருந்தது. சணல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்கு ஊட்டியிருக்கிறது. துப்பாக்கியின் பின்புற வால்நட் மரக்கட்டையில் வரிசை எண்ணை வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். அதைச் சொல்லி என்ன பயன். அங்கிருந்த காவலர் நல்ல மனிதர். "கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போயிடும் சார்" என்று ஆறுதலும் சொன்னார். குழலின் கருநீல மெருகு துருவைத் தானே தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் மெல்லிய இரும்பு ஆக்சைடுப் படலம்தான். மேலே பூசிய எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவே.

ரைபிளுக்கு நேர்ந்தது கண்ணுக்கு எளிதில் தெரியாத சேதம். சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, குழலின் உட்புறத் திருகு வரிகளில் சுழன்றுகொண்டே வந்து, கடைசியாகத் தொட்டுச் செல்வது குழல் வாயின் உள் விளிம்பை. அவ்விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக இருந்தால்தான், பின்னாலிருந்து தள்ளும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் பிரியும். ஓரிடத்தில் நகக்கீறல் அளவு நசுங்கியிருந்தாலும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் அடிப்பகுதியைத் தட்டிவிடும். 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சிமெண்டுத் தரையில் ஊன்றி நின்ற பிறகு என் ரைபிள் அந்த வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்ப்பதை மறந்தேவிட்டது. துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, குழல் வாயைச் சிறிதளவு அறுத்து விளிம்பைப் புதிதாகக் கடையவேண்டி வந்தது.

இரட்டைக் குழலின் கதை வேறு. மடித்துத் திறக்கும்போதே உள்ளிருக்கும் இரண்டு சுத்தியல்களும் விசையேறி நின்றுவிடும் அமைப்பு அதனுடையது. தோட்டா இல்லை என்று காவலர் திறந்து பார்த்துவிட்டு மூடியதும், சுருங்கிய வில்கள் (ஸ்பிரிங்குகள்) மீண்டும் நான் கைக்கு வாங்கும்வரை அப்படியே இறுகிக் கிடந்தன. வெடிமருந்தில்லாத டம்மி தோட்டா இரண்டைப் போட்டு விசையை இறக்கிவிட்டிருந்தால் போதும். குழலில் விழுந்த துருக்குழிகளையும் தேய்த்துத் தேய்த்துப் போக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் குழலின் சுவர் மெலியும். போனால் வேறொன்று வாங்கலாம் என்றும் இருக்க முடியாது. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால், பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று பாழானால் அதற்கு ஈடாக உள்நாட்டுத் தயாரிப்புகள் சிலவற்றையே தேடவேண்டும்.

தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, எவருடைய ஆயுதத்தை வாங்கி வைப்பது என்பதை ஆராய்ந்து முடிவு செய்யவேண்டியது மாவட்ட அளவிலான பரிசீலனைக் குழு. போட்டிகளில் பங்கேற்கும் ரைபிள் சங்க வீரர்களுக்கு அதில் விலக்கும் உண்டு. அந்த விலக்கு நடைமுறையில் மலைக் கிராமத்து உரிமதாரர் வரை வந்து சேரவேண்டும் என்பது என் முதல் விண்ணப்பம். ஒப்படைத்தே ஆகவேண்டியவர்களுக்கு, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் வைக்கவும் இடம் கொடுங்கள். படைக்கலச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே வேறு சூழல்களில் அதை அனுமதிக்கிறது. காவல் நிலையத்தில்தான் வைக்கவேண்டும் என்றால், குழல் வாய் மேல்நோக்கி நிற்கும்படி ஒரு மரச்சட்டமும், கட்டுவதற்குச் சணலுக்குப் பதில் பருத்தி நாடாவும் போதும். ரசீதில் "டபுள் பேரல் 1" என்று எழுதி முடிக்காமல், வரிசை எண்ணோடு அன்றைய நிலையையும் குறித்து, இரண்டு புகைப்படங்களை இணைத்தால், பின்னால் எவர் மீதும் பழி வராது. உரிமதாரர் மாதம் ஒருமுறை காவலர் முன்னிலையில் வந்து தம் துப்பாக்கிக்கு எண்ணெய் பூசிவிட்டுப் போக அனுமதித்தால் இன்னும் நல்லது.

அடுத்த தேர்தலுக்கு முன் நிலையங்களில் பொறுப்பாக இருக்கும் காவலர்களுக்கு இவற்றைச் செய்து காட்ட அரை நாள் ஒதுக்கினால், ஏற்காட்டிலிருந்து நானும் சேலத்து நண்பர்கள் இருவரும் வரத் தயாராக இருக்கிறோம். எண்ணெய், துணி, டம்மி தோட்டா எல்லாவற்றையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஏற்காட்டு உரிமதாரர் ஒருவர்