‘செமிட்டிக்’ மொழிகளும் யூத வெறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அரபு மக்களும் செமிட்டிக் வழியினரே, ஆகவே அவர்களில் எவரையும் ஆன்ட்டி செமிட்டிக் (யூத வெறுப்பாளர்) எனக் கூற இயலாது’ என்ற வாதம் படித்தவர்களிடமிருந்தும் எழுவது வருத்தமளிக்கிறது. ‘செமிட்டிக்’ என்பது எபிரேயம், அரபு, அராமிக் முதலியவை அடங்கிய மொழிக் குடும்பத்திற்கு, விவிலியத்தில் வரும் நோவாவின் மகன் சேமின் பெயரைக் கொண்டு, 1781-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லோட்சர் வழங்கிய பெயர். ஆனால் ‘ஆன்ட்டி செமிட்டிசம்’ என்ற சொல்லை 1879-இல் பரவச் செய்த பத்திரிகையாளர் வில்ஹெல்ம் மார் குறிவைத்தது யூதர்களை மட்டுமே. யூத வெறுப்பைக் குறிக்கும் ‘யூடன்ஹாஸ்’ என்ற பழைய ஜெர்மன் சொல்லில் மதப்பகையின் வாடை வீசியதால், அவ்வெறுப்புக்கு அறிவியல் பூச்சுக் கொடுத்து, மதம் மாறிய யூதரையும் ‘இனம்’ என்று சொல்லி ஒதுக்குவதற்கு இப்புதிய சொல் உதவியது. அதே ஆண்டு பெர்லினில் அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே அது இடம்பெற்றது. ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த தாக்குதல்களைக் கண்ட ஒடெசா மருத்துவர் லியோன் பின்ஸ்கர், 1882-இல், இவ்வெறுப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் மனநோய் எனக் கருதி ‘ஜூடியோபோபியா’ (யூதர் மீதான அச்சம்) என்றார். ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைத் தவிர்த்து, ‘யூத வெறுப்பு’ என்றே தங்கள் நாளிதழ் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்