எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் உளவியல் சொல் விளக்கங்களை விடாமல் படித்து வருகிறேன். உளவியலை முதன்முறையாகப் படிக்க வரும் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அதனால் இப்படி ஒரு பகுதி வருவதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த அக்கறையில்தான் போன வாரம் வந்த ஒரு விளக்கத்தை அப்படியே கடந்துபோக மனம் வரவில்லை. ‘எதிர்மறை வலுவூட்டல்: தவறு செய்பவரைத் தண்டித்துத் திருத்துவது’ என்று போட்டிருந்தீர்கள். இது தவறு. இந்தப் பாடத்தில் மிக அதிகம் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இதை வெட்டி நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகும் பிள்ளைகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

வலுவூட்டல் என்று வந்துவிட்டாலே, அது எந்த வகையாக இருந்தாலும் சரி, ஒரு நடத்தை மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அர்த்தம். தண்டனை என்றால் அந்த வாய்ப்பு குறைகிறது. நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது கெட்டதைச் சொல்லவில்லை, ஒன்று சேர்கிறதா விலகுகிறதா என்பதைத்தான் சொல்கின்றன. காரில் ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட் போடச் சொல்லி ஒரு சத்தம் விடாமல் அடிக்கிறதே, பெல்ட்டை மாட்டியதும் அது நின்றுவிடுகிறது, அடுத்த தடவை ஏறியவுடனேயே கை தானாக பெல்ட்டைத் தேடுகிறது. தொல்லை விலகியது, பெல்ட் போடுவது கூடியது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். தலைவலிக்கு மாத்திரை போட்டு வலி போனவர் அடுத்த தலைவலிக்கும் அதே மாத்திரையைத் தேடுவதும் இதே கணக்குதான். மகள் பொய் சொன்னதற்காகக் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறீர்கள், அதனால் பொய் குறைகிறது என்றால், அங்கேயும் ஒன்று விலகுகிறது, ஆனால் நடத்தை குறைகிறது. அதற்குப் பெயர் எதிர்மறைத் தண்டனை.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்தப் பாகுபாடு நம் நோக்கம் என்ன என்று கேட்பதே இல்லை, விளைவை மட்டும்தான் பார்க்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அது. ஆசிரியர் தண்டிப்பதாக நினைத்துத் திட்டுகிறார், மொத்த வகுப்பும் தன்னைத் திரும்பிப் பார்ப்பது அந்த மாணவனுக்குப் பிடித்துப்போய்ச் சேட்டை இன்னும் கூடுகிறது என்றால், அந்தத் திட்டு தண்டனையே இல்லை, வலுவூட்டியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இன்னொரு காட்சியையும் பாருங்கள். குழந்தை பொம்மை கேட்டு அழுகிறது, அப்பா தாங்க முடியாமல் வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நின்றுவிடுகிறது. பொம்மை கிடைத்ததால் குழந்தை அடுத்த முறையும் அழும், அது நேர்மறை வலுவூட்டல். அழுகை நின்றதால் அப்பா அடுத்த முறையும் வாங்கிக் கொடுப்பார், அது எதிர்மறை வலுவூட்டல். ஒரே நிமிடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பழக்கிவிட்டார்கள்! இதை யாரும் சொல்லித் தராமல் தானே உட்கார்ந்து பிரித்துப் பார்த்த மாணவர் அதற்கப்புறம் இந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்வது அபூர்வம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு வரி விளக்கம் என்ற வடிவமே பிழைக்கு இடம் கொடுக்கிறது. எந்தச் சொல்லோடு அது குழம்புமோ அந்தப் பக்கத்துச் சொல்லையும் கூடவே வைத்து, ஒரு சூழலைக் கொடுத்து, இது எது என்று கேட்டால்தான் விளக்கம் மனதில் நிற்கும்.

ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் நாயையே எடுத்துக்கொள்வோம். மணியடித்துச் சாப்பாடு வைத்துப் பழக்கிய நாய்க்கு அப்புறம் மணிச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். (அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. நாயின் எச்சிலை அளந்துகொண்டிருந்த மனிதர் கண்ணில் பட்டதுதான் இந்த ஆக்கநிலையுறுத்தல், அதாவது ஒன்றோடு சேர்ந்தே வருவதால் இன்னொன்றுக்கும் அதே பதில்வினை பழகிப்போவது.) ஆனால் இயற்கைத் தூண்டல், இயற்கைத் துலங்கல் (துலங்கல் என்றால் தூண்டலுக்கு வரும் பதில்வினை), ஆக்கநிலையுறுத்திய தூண்டல், ஆக்கநிலையுறுத்திய துலங்கல் என்று நான்கு பெயர்களைக் கொடுத்துப் புதிய சூழலில் பொருத்தச் சொன்னால் பாதிப் பேர் திணறுவார்கள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தை அப்புறம் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அழுகிறது. ஊசியின் வலி இயற்கைத் தூண்டல், வலிக்கு வந்த அழுகை இயற்கைத் துலங்கல். வெள்ளைக் கோட்டு ஆக்கநிலையுறுத்திய தூண்டல், கோட்டைப் பார்த்து வந்த அழுகை ஆக்கநிலையுறுத்திய துலங்கல். அழுகை ஒன்றுதானே, அதற்கு எப்படி இரண்டு பெயர் என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், அருமையான கேள்வி அது. அதை எது கொண்டுவந்தது என்பதை வைத்துத்தான் பெயர். கோட்டைப் பலமுறை பார்த்தும் ஊசி வரவில்லை என்றால் பயம் மெல்லக் குறையும், அது மறைதல். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் பயம் திடீரென்று மறுபடி எட்டிப் பார்க்கும், அது தன்னியல்பு மீட்சி. அதாவது மறைதல் என்றால் அழிந்துபோவது இல்லை, அடங்கியிருப்பது. ‘மறைதல்’ என்பதற்கு மட்டும் ஒரு வரி போட்டால் இது எப்படி விளங்கும்?

படிக்கும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எப்படிப் படித்தால் நிற்கும் என்பதையும் இதே உளவியல்தான் ஆராய்ந்து வைத்திருக்கிறது. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி ஆரம்பத்தில் படுவேகம், அப்புறம் நிதானம். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது பலன் தரும் என்பதும் அவர் கண்டதுதான். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் செய்த சோதனையில் ஒரு பகுதியைச் சிலர் மறுபடி மறுபடி படித்தார்கள், சிலர் ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்ததில் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போட்ட வரியைத் திரும்பப் பார்க்கும்போது ‘ஓ, இது தெரியுமே’ என்று தோன்றுவது அறிதல், பார்க்காமல் எடுத்துச் சொல்வது மீட்டல். இவை இரண்டும் பாடத்திலேயே இருக்கும் சொற்கள்தான், அறிதலை மீட்டல் என்று நம்பித்தான் நிறையப் பேர் தேர்வுக்கு முந்தின இரவு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஜோடியாகப் படிக்க வேண்டியவை இன்னும் நிறைய உண்டு. நம்பகமும் (ஒவ்வொரு முறையும் ஒரே முடிவைத் தருவது) ஏற்புடைமையும் (அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பது): எப்போது நின்றாலும் இரண்டு கிலோ கூடுதலாகவே காட்டும் எடை மெஷினைப் போல, ஒரு சோதனை நம்பகமாக இருந்தும் ஏற்புடையதாக இல்லாமல் போகலாம். முன்பு கற்றது புதியதைக் குழப்புவது முன்னோக்கிய இடையூறு, புதியது பழையதைக் குழப்புவது பின்னோக்கிய இடையூறு. புலனுணர்வும் (புலன்கள் தகவலைப் பெறுவது) புலன்காட்சியும் (மூளை அதற்குப் பொருள் காண்பது), சார்ந்த மாறியும் (சோதனையில் அளக்கப்படுவது) சாரா மாறியும் (சோதனை செய்பவர் மாற்றிப் பார்ப்பது) கூட இப்படித்தான்.

மாணவர் பக்கத்தைத் தாண்டிச் செய்திப் பக்கங்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மனச்சிதைவு நோயை ஒரே உடலுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது என்ற அர்த்தத்தில் எழுதாதீர்கள். இல்லாத குரல் கேட்பது, ஆதாரமே இல்லாத நம்பிக்கையை விடமுடியாமல் பிடித்துக்கொள்வது, சிந்தனை கோவை இழப்பது போன்றவை அதன் அறிகுறிகள், பல ஆளுமைகள் தோன்றும் கோளாறு முற்றிலும் வேறு. ஆட்டம் தோற்ற அணி ‘மனச்சோர்வில்’ இருப்பதாக எழுதும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, மனச்சோர்வு நோய் என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும், அவற்றில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமில்லாமல் போவதாகவோ இருக்க வேண்டும், ஆளைக் கடுமையாக வருத்தவோ அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கவோ வேண்டும். தோல்வியின் வருத்தத்துக்கு வருத்தம் என்றே எழுதலாமே.

ஓசிடி என்ற மனநலக் கோளாறின் பெயரையும் சுத்தம் பார்க்கும் குணத்துக்கு ஒரு செல்லப் பெயர்போல ஆக்கிவிட்டார்கள். வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ணம் ஒரு பக்கம், அந்த வதையைத் தணிக்கச் செய்தே ஆக வேண்டியிருக்கும் செயல் இன்னொரு பக்கம். கையைக் கழுவியதும் பதற்றம் சற்றுக் குறைகிறது, குறைவதாலேயே அடுத்த முறையும் கழுவத் தோன்றுகிறது. பதற்றம் விலகுவதால் செயல் கூடுகிறது பாருங்கள், எதிர்மறை வலுவூட்டலேதான். அதைத் ‘தண்டித்துத் திருத்துவது’ என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்த நோய் ஏன் பிடியை விடமாட்டேன் என்கிறது என்பது புரியவே புரியாது.

ஆகவே அந்த விளக்கத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், விளக்கம் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். இனி வரும் சொற்களுக்குக் கீழே ஒரு சிறு சூழலும் ஒரு கேள்வியும் போடுங்கள், பதிலை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிட வேண்டாம், அடுத்த வாரம் போடுங்கள், அந்த இடைவெளியில்தான் மாணவர்கள் நினைவிலிருந்து தேடிப் பார்ப்பார்கள். முதல் கேள்வியாக வேண்டுமானால் இதையே வைத்துக்கொள்ளலாம்: கைப்பேசியின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ஒருவர் விரல் பழைய எண்களையே அழுத்துகிறது, புதியது நினைவுக்கு வர மறுக்கிறது. இது முன்னோக்கிய இடையூறா, பின்னோக்கிய இடையூறா?

இப்படிக்கு,
உளவியல் கற்பிக்கும் ஒரு வாசகர்