1815ல சென்ட்டே அடிக்கல சார், அப்புறம் தயவுசெஞ்சு காயின கழுவச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய அமெரிக்க செப்புக் காசு பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. நான் பிலடெல்பியா பக்கத்துல குடியிருக்கேன், பல வருஷமா இந்த லார்ஜ் சென்ட், அதாவது அந்த காலத்து பெரிய செப்பு ஒரு சென்ட் காசு மேல பைத்தியம் பிடிச்சு அலையற ஆளு, நம்ம பத்திரிகைல நம்ம மொழியில இதப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்காரேன்னு சந்தோஷத்துல வீட்டுக்காரிய கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டாவது பத்தி படிக்கும்போதே முகம் மாறிடுச்சு. மூணு தப்பு இருக்கு, சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

முதல் தப்பு சின்னது. 1793ல இருந்து 1857 வரைக்கும் "வருஷம் தவறாம" பெரிய சென்ட் வந்துச்சுன்னு எழுதியிருக்கார். 1815னு வருஷம் போட்ட சென்ட் கிடையாது. அப்போ மிண்ட்டுக்கு, அதாவது காசு அடிக்கற அரசாங்க சாலைக்கு, வெட்டின செப்பு வில்லைங்க இங்கிலாந்துல பர்மிங்காம்ல இருந்து போல்ட்டன் கம்பெனி மூலமா வந்துட்டு இருந்துச்சு, 1812ல அந்த இங்கிலாந்தோடயே சண்டை மூண்டதும் சப்ளை நின்னு போச்சு, கையில இருந்ததெல்லாம் 1814லயே தீர்ந்துடுச்சு. யாராவது 1815 சென்ட் விக்க வந்தா நம்பரத் திருத்தியிருக்கான்னு அர்த்தம், வாங்கிடாதீங்க.

ரெண்டாவது தப்பு கொஞ்சம் பெருசு. 1799ல மிண்ட் 9 லட்சத்துக்கு மேல சென்ட் அடிச்சுது, அதனால அந்த வருஷத்து காசு சாதாரணம்னு போட்டிருக்கீங்க. மிண்ட் கணக்குல அந்த எண்ணிக்கை இருக்கறது உண்மை தான், ஆனா அந்த காலத்துல அச்சு செய்யற ஸ்டீலுக்கு செலவு ஜாஸ்தி, அதுல வேலை செய்யற கையும் கம்மி, அதனால பழைய வருஷத்து டைய, அதாவது அச்ச, உடையற வரைக்கும் ஓட்டுவாங்க, 1799ல வெளிய போன சென்ட்ல முக்காவாசி 1798னு வருஷம் போட்டது தான். 1799னு போட்டது தேடினாலும் கிடைக்காது, இந்த வரிசையிலயே ரொம்ப கஷ்டமான வருஷம் அது. அமெரிக்காவுல காயின் சேர்க்கற பழக்கத்த ஆரம்பிச்சு வெச்சவங்கள்ல ஒருத்தர்னு ஜோசப் மிக்லிய சொல்லுவாங்க, அவரும் பிலடெல்பியாக்காரர் தான், 1799ல பிறந்தவர், பிறந்த வருஷத்து சென்ட் ஒண்ணு வேணும்னு தேடப் போய் அது லேசுல ஆப்படாம அப்படியே கலெக்டர் ஆயிட்டார். அவருக்கே அந்த கதின்னா நீங்க சாதாரணம்னு எழுதிட்டீங்களே சார்.

இந்த ரெண்டு தப்பும் ஒரே இடத்துல இருந்து வருது. கட்டுரை எழுதினவர் வருஷத்த மட்டும் பாக்கறார். போட்டோ கூட முன்பக்கம் மட்டும் தான் போட்டிருக்கீங்க. எங்க ஆளுங்களுக்கு வருஷம்ங்கறது வீட்டு வாசல் மாதிரி, உள்ள போனா தான் விஷயமே.

ஒரு காசு அடிக்க ரெண்டு டை வேணும், முன்பக்கத்துக்கு ஒண்ணு பின்பக்கத்துக்கு ஒண்ணு, நடுவுல வெறும் செப்பு வில்லைய வெச்சு ஆளுங்களே ஸ்குரூ பிரஸ்ஸ இழுத்து அடிப்பாங்க. ஆரம்ப வருஷங்கள்ல அந்த டைய கையால செதுக்கினாங்க, எழுத்து, நம்பர், இலை, பழம் எல்லாம் ஒவ்வொண்ணா பஞ்ச் வெச்சு சுத்தியால தட்டினது. மனுஷன் கை தானே, ஒரு டை மாதிரி இன்னொரு டை வராது. ஒண்ணுல 4 கொஞ்சம் சாஞ்சிருக்கும், இன்னொண்ணுல இலை நுனி வேற எழுத்துக்குக் கீழ நிக்கும், பழம் ஒண்ணு கூட இருக்கும். இப்படி ஒரு முன்பக்கமும் ஒரு பின்பக்கமும் சேர்ந்த ஜோடிய தான் வெரைட்டின்னு சொல்றோம். 1794ங்கற ஒரே வருஷத்துல அம்பதுக்கு மேல வெரைட்டி இருக்கு! 1869ல எட்வர்ட் மாரிஸ்னு பிலடெல்பியா டாக்டர் ஒருத்தர் அத எல்லாம் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சார், ரெட்டை மோவாய், விழுந்த 4, படகோனியன், காதல் முகம்னு. நம்பர் போட்டிருந்தா இவ்வளவு நாள் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

நம்பரும் அப்புறம் வந்துச்சு. 1949ல வில்லியம் ஷெல்டன் போட்ட புத்தகத்துல 1793ல இருந்து 1814 வரைக்கும் உள்ள வெரைட்டிக்கு குடுத்த நம்பர தான் இன்னிக்கும் சொல்றோம், 1816ல இருந்து நியூகம்ப் நம்பர், அரை சென்ட்டுக்கு கோஹன் நம்பர். காயின் எவ்வளவு நல்ல நிலைல இருக்குன்னு இன்னிக்கு எல்லா காயினுக்கும் போடற 70 பாயின்ட் கிரேடிங்கும் அந்த ஷெல்டன் இந்த செப்பு சென்ட்டுக்காக, முக்கியமா 1794க்கு விலை கணக்கு போடறதுக்காக உண்டாக்கினது தான். இதுல வேடிக்கை என்னன்னா அந்த மகானுபாவர் நியூயார்க்ல அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டில இருந்த நல்ல சென்ட்டுகள எடுத்துட்டு மட்டமான தன்னோடத அந்த இடத்துல வெச்சிருக்கார், அவர் செத்து பல வருஷம் கழிச்சு தான் வெளிய வந்துச்சு. கோர்ட் வரைக்கும் போச்சு. ஆளு இப்படி, ஆனா அவர் போட்ட நம்பர விட்டா எங்களுக்கு வேற வழி இல்ல.

கிட்டக்க ஒண்ணு பாக்கலாம். 1801 சென்ட்ல ஷெல்டன் 219ன்னு ஒண்ணு இருக்கு, மூணு தப்பு வெரைட்டின்னு பேரு. பின்பக்கத்துல நூத்துல ஒரு பங்குன்னு பின்னம் போடணும், டை செதுக்கினவர் கோட்டுக்குக் கீழ மூணு சைபர் போட்டு வெச்சிருக்கார், அதாவது சைபரால வகுக்கணும். இலை வளையத்துக்கு ரெண்டு காம்பு இருக்கணும், ஒரு காம்பு இல்ல. யுனைட்டெட்ல யு எழுத்த முதல்ல தலைகீழா தட்டிட்டு அப்புறம் அதே இடத்துல நேரா தட்டியிருக்கார், பாக்கறதுக்கு ரெண்டு ஐ பக்கத்துல பக்கத்துல நிக்கற மாதிரி தெரியும். இந்த காச ஒரு காயின் ஷோல தேஞ்ச சென்ட் குப்பையா கிடந்த டப்பாவுல பாத்தேன், முன்பக்கம் லிபர்ட்டி அம்மா முகமே வழுக்கையா போயிருந்துச்சு, கவர்ல வெறும் 1801னு எழுதி சாதா விலை போட்டிருந்தாங்க. திருப்பினேன், லென்ஸ் வெச்சேன், முதல்ல அந்த மூணு சைபர் கண்ணுல பட்டுச்சு, அப்புறம் மூச்ச அடக்கிட்டு யு கிட்ட போனேன். ஒண்ணும் பேசாம காச குடுத்துட்டு கார் வரைக்கும் ஓட்டமும் நடையுமா வந்தேன். உங்க கட்டுரைய நம்பிப் போனவர் அந்த டப்பாவ திறந்தே பாத்திருக்க மாட்டார்.

டை உடையறதும் ஒரு கதை. விரிசல் விட்டா அந்த விரிசலுக்குள்ள செப்பு ஏறி காசுல மேடான கோடா விழும், நாளாக ஆக கோடு நீளும், கடைசில ஓரத்துல ஒரு துண்டே பேந்து போய் காசுல அந்த இடம் மொட்டையா ஒரு கட்டியா நிக்கும். அத வெச்சு எந்த காசு முன்னாடி அடிச்சது எது பின்னாடின்னு இருநூறு வருஷம் கழிச்சு உக்காந்து சொல்லிடலாம். விளிம்பையும் விடாதீங்க. 1795 முடிய போறப்ப தான் சென்ட் எடைய 208 கிரெய்ன்ல இருந்து 168க்கு குறைச்சாங்க, அதாவது பதிமூணரை கிராம் இருந்தது பதினொண்ணு கிட்ட வந்துச்சு. பழைய தடி காசுல பெரும்பாலானதுக்கு விளிம்புல "ஒரு டாலருக்கு நூறு"ங்கற அர்த்தத்துல எழுத்து ஓடும், மெலிசான காசுக்கு வெறும் விளிம்பு. பிளாஸ்டிக் ஸ்லாப்ல போட்டு சீல் பண்ணி குடுத்தா பல நேரம் இந்த விளிம்பு சரியா தெரியறதே இல்ல, எனக்கு அதுல தான் கடுப்பு.

இப்போ மூணாவது தப்பு, நான் லெட்டர் எழுத உக்காந்ததுக்கு காரணமே இது தான். பெட்டிச் செய்தில "எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு தேய்த்தால் புத்தம் புதிதாக மின்னும்"னு போட்டிருக்கீங்க. சார், மின்னும். மின்னறது தான் பிரச்சனை. அந்த ஆசிட் மேல இருக்கற தோலையே எடுத்துடும், இருநூறு வருஷமா செப்பு மேல படிஞ்ச சாக்லேட் கலர் திரும்ப வராது. நான் வாங்கின முதல் லார்ஜ் சென்ட் ஒரு 1798, அழகான கரும்பழுப்பு, குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி மெட்டல் பாலிஷ் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேன், ரோஸ் கலர்ல பளபளன்னு வந்துச்சு, பெருமையா எடுத்துட்டுப் போய் ஒரு பெரியவர் கிட்ட நீட்டினேன். அவர் விளக்கு வெளிச்சத்துல ஒரு தடவ திருப்பிப் பாத்தார், மெதுவா என் கையில திரும்ப வெச்சார், "காபி சாப்பிடறியா"ன்னு கேட்டார். அவ்வளவு தான். அன்னிக்கு திட்டியிருந்தா கூட தேவலை.

செப்புக்கு நாங்க பண்றதெல்லாம் ஒட்டக முடி பிரஷ்னு விக்கற மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால தூசிய தட்டறது, ஈரம் படாம வெக்கறது, விளிம்ப மட்டும் பிடிச்சு தூக்கறது, காசு மேல குனிஞ்சு பேசாம இருக்கறது, எச்சில் ஒரு துளி பட்டா கரும்புள்ளி விழுந்துடும். பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா அனுபவம் இருக்கறவங்க கிட்ட காட்டுங்க, நீங்களா சுரண்டாதீங்க.

அடுத்த வாரம் திருத்தம் போட்டா 1815ம் 1799ம் ஒரு வரில முடிஞ்சிடும், ஆனா அந்த எலுமிச்சம்பழத்துக்கு பதில் பெட்டிச் செய்தி அளவுக்கே போடணும்னு கேட்டுக்கறேன், ஏன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலமே எத்தனை பேர் பழத்த நறுக்கியிருப்பாங்களோ. போட்டோ வேணும்னா என்னோட 1801 பின்பக்கத்த எடுத்து அனுப்பறேன். அந்த ரோஸ் கலர் 1798ம் பத்திரமா இருக்கு, பக்கத்துல வெச்சு அதையும் சேர்த்தே போடுங்க.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவில் இருந்து ஒரு வாசகன்