ரேடியோ விஷயமாக சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டாதே, டாக்டரிடம் காட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஆகாசவாணி ஆளுங்கட்சிப் பக்கம் சாயக்கூடாது என்று நான் எழுதியதற்கு, ‘சம்பளம் கொடுக்கிற அரசாங்கத்தை ரேடியோ திட்டுமா?’ என்று எழுதியிருந்தாய். திட்டச் சொல்லவில்லையடா. திட்ட வருகிறவனுடைய பேச்சில் கை வைக்காதே என்கிறேன். 2024 தேர்தலில் என்ன நடந்தது? ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் கட்சிகளுக்கு இலவசமாக நேரம் கொடுப்பது 1977இல் தொடங்கிய வழக்கம். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரி கொடுத்ததில் ‘வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி’ கூடாது, ‘கொடூரச் சட்டங்கள்’ கூடாது என்றார்கள். ஆட்சி ‘திவால்’ என்று இருந்ததைத் ‘தோல்வி’ ஆக்கச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக் கட்சியின் தேவராஜனிடம் ‘முஸ்லிம்’ என்ற வார்த்தையையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் தேர்தல் ஆணைய விதிமுறை என்று பதில். ஆட்சியைக் குறை சொல்லாமல் எதிர்க்கட்சிக்காரன் வேறு என்ன பேசுவான், வானிலை அறிக்கையா?

உடனே ‘காங்கிரஸ் மட்டும் யோக்கியமா’ என்பாய். இல்லை. 1977 பிப்ரவரியில் டில்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்த அன்று, ஜனங்களை வீட்டிலேயே உட்கார வைக்க தூர்தர்ஷன் ‘பாபி’ என்ற பிரபல ஹிந்திப் படத்தைப் போட்டது. அப்படியும் மைதானம் நிரம்பியது! போபால் விஷவாயுவைப் பற்றித் தேசிய விருது வாங்கிய ஆவணப்படத்தையும் அதே தூர்தர்ஷன்தான் போட மறுத்தது. ஒருதலைப்பட்சமாம், நிதானம் இல்லையாம். அரசை விமர்சிக்கிறது என்பதற்காக மறுக்க முடியாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற பிரசார் பாரதிக்கான சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல்தான் அமலுக்கு வந்தது. பேருக்குத் தன்னாட்சி, சம்பளப் பணம் இன்றைக்கும் அரசாங்கத்திடமிருந்து. இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. டிவியில் பிடிக்காவிட்டால் சேனலை மாற்றலாம். ரேடியோவில் எங்கே போவது? தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வயலில் வேலை செய்கிறவனுக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கும் காதில் விழுகிற ரேடியோச் செய்தி இந்த ஒன்றுதான் என்றால், அதன் பொறுப்பு எத்தனை மடங்கு?

மேலிடத்திலிருந்து ஃபோன் வருமா என்று கேட்டிருந்தாய். நான் கேஷுவலாக, அதாவது நிரந்தர வேலை இல்லாமல், செய்தி வாசித்த ஆகாசவாணி நிலையத்தில் அதற்குத் தேவையே இருந்ததில்லை. மந்திரியின் திறப்பு விழா தலைப்பில் இருக்கும். மறியல், நேரம் மிஞ்சினால் கடைசியில் இரண்டு வரி. அந்த வரிசையை யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை. அடுத்த மாத டியூட்டி சார்ட்டில் பெயர் இருக்குமோ இருக்காதோ என்று பார்த்துக்கொண்டிருக்கிற கேஷுவல், ‘சார், மறியலை மேலே போடலாமே’ என்று எப்படிச் சொல்வான்? நிரந்தர ஆளுக்கு டிரான்ஸ்ஃபர் பயம். நியமனமும் பணமும் அமைச்சகத்தின் கையில் இருக்கிறவரை, எந்தக் கட்சி வந்தாலும் அந்த வரிசை மாறாது. நீ ஓட்டுப் போட்ட கட்சி உட்பட.

வைகாசியில் சின்னவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பத்திரிகை தனியாக அனுப்புகிறேன். தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு.

அன்புடன்,
ராமநாதன்