கூரை சோலார்: மின்கட்டணத்தைப் பார்த்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் கிடைப்பதால், எங்கள் பகுதியில் பல மாடிகளில் சோலார் பேனல்கள் ஏறிவிட்டன. மானியத்தையும் வங்கிக் கடனையும் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். பொருத்திய பின் அது ஒழுங்காக இயங்குகிறதா என்பதைக் கவனிப்போர் மிகக் குறைவாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது.

மின்கட்டணம் குறைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வாசலில் உள்ள இருவழி மீட்டர், நாம் வாங்கிய யூனிட்டையும் திருப்பி அனுப்பிய யூனிட்டையும் மட்டுமே கணக்கிடுகிறது. பகலில் பேனல் தந்து வீட்டிலேயே செலவான மின்சாரம் அதில் பதிவாவதே இல்லை. ஆகவே கட்டணம் கூடினால், ஏசி அதிகம் ஓடியதா, பேனல் பாதி செயலிழந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கணக்கெடுப்பும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 5 கிலோவாட் அமைப்பின் இரண்டு பேனல் வரிசைகளில் ஒன்றின் ஃபியூஸ் போய், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்க, ஒரு கோடைக்காலத்தின் பாதி உற்பத்தி வீணாயிற்று.

இன்வெர்ட்டரின் திரையில் அன்றைய உற்பத்தியும் மொத்த உற்பத்தியும் தெரியும். மாதத்தின் முதல் தேதியில் மொத்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைத்தாலே போதும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட் அமைப்பு மாதம் சுமார் 350 யூனிட் தரவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும் என்பதால், சென்ற மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே சரி. கத்திரி வெயிலில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பேனல் சூடேற ஏற அதன் திறன் குறையும்.

உற்பத்தி குறைய அழுக்கும் நிழலும் அடுத்த காரணங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை வெயிலில் ஊற்றிக் கழுவினால், பேனலின் கீழ்ச்சட்டத்தை ஒட்டி வெள்ளைப் படிவு கோடாக உறைந்துவிடுகிறது. பிறகு அதைத் தேய்த்தாலும் எளிதில் போகாது. அதிகாலையில் நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பக்கத்து வீட்டில் புதிதாக எழுந்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும், தொடராக இணைக்கப்பட்ட மற்றவற்றின் உற்பத்தியும் பாதிக்கப்படக்கூடும்.

மின்தடையின்போது பேட்டரி இல்லாத அமைப்பு நின்றுவிடுவது பழுதன்று. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் நல்ல வெயிலில், மின்சாரம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடினால், மின்கம்பியில் வோல்டேஜ் கூடுதலா என்று பார்க்கவேண்டும். அப்படிக் கூடுதலாக இருந்தால், அந்தப் புகாரை, பேனல் பொருத்திய நிறுவனத்திடம் சொல்லிப் பயனில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில்தான் கொடுக்கவேண்டும். எது பழுதானாலும் நாமே பெட்டியைத் திறக்கக் கூடாது. மெயினை அணைத்த பின்னும், வெயில் உள்ளவரை பேனலிலிருந்து வரும் ஒயரில் ஆபத்தான மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

பொருத்தும் நிறுவனங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வைஃபை இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. உற்பத்தியைக் காட்டும் கைப்பேசிச் செயலியின் கடவுச்சொல்கூடச் சில வீட்டுக்காரர்களிடம் இல்லை. அந்தந்தக் கூரைக்கு மாதவாரியாக எத்தனை யூனிட் வரவேண்டும் என்ற பட்டியலை, இயக்கிவைக்கும் நாளிலேயே எழுத்தில் தரும்படி அவர்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். இத்திட்டத்தில் பொருத்துவோர் ஐந்தாண்டு பராமரிப்புக்குப் பொறுப்பானவர்கள் என்பதால், அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் வீட்டுக்காரர் ஆதாரத்தோடு அவர்களைக் கேட்க முடியும். கணக்கெடுக்க வரும் ஊழியர் உற்பத்தி யூனிட்டையும் குறித்துச் சென்று, அதைக் கட்டண விவரத்தில் அச்சிட மின் பகிர்மானக் கழகம் ஆவன செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.